உலை உருகினால் ஆட்சி ஏன் ஆடுகிறது?

2011 மார்ச் 27-ஆம் தேதி ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் தேர்தல் நடந்தது. பென்ஸ், போர்ஷ் கார்கள் தயாராகும் பணக்கார மாநிலம் அது. 1953 முதல் 58 ஆண்டுகளாக கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் அங்கே கோட்டை கட்டி ஆண்டுவந்தது. அன்று பசுமைக் கட்சி 24 சதவிகித வாக்கு வாங்கி, சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தது. வின்ஃப்ரீட் கிரெட்ச்மன் அந்நாட்டின் முதல் பசுமைக் கட்சி மாநில முதல்வர் ஆனார். அதற்குப் பதினாறு நாள் முன்புதான், சுமார் 9,000 கி.மீ. தள்ளி, ஜப்பானின் ஃபுகுஷிமாவில் கடல்நீர் ஓர் அணுமின் நிலையத்துக்குள் புகுந்திருந்தது. ஜெர்மனியில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தோற்ற கட்சிதான் அன்றும் தனிப்பெரும் கட்சி. ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத் திட்டத்தின் மேல் மக்களுக்கு ஏற்கெனவே கோபம் இருந்ததும் உண்மை. ஆனாலும் கடைசி இரண்டு வாரத்தில் தேர்தலின் போக்கைத் திருப்பியது ஃபுகுஷிமாதான் என்றே நினைக்கிறேன்.

எங்கோ நடந்த விபத்து இங்கே எப்படி ஓட்டாக மாறுகிறது? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவிகிதம் இறக்குமதியான இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அணுவுலைத் தொழில்நுட்பம் இப்போதைக்கு நமக்குப் பொருந்தாது என்று அரசாங்கம் 2012-ல் சொன்னது. 2024-ல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 வரவுசெலவுத் திட்ட உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், அணுசக்தியைப் பயன்படுத்தும் சாத்தியத்தை முறையாக ஆராய்வோம் என்றார். முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. ஆனால் பேச்சு எழும்போதெல்லாம் ‘பாதுகாப்பானதா?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விபத்து நடந்தால் ஒரு நாட்டின் அரசியலுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு கதிர்வீச்சு கசிந்தது என்பதை வைத்து அரசியல் விளைவைக் கணிக்க முடியாது. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அரசு தன் வாக்குறுதியை உலையோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தது? விபத்தன்று அந்த வாக்குறுதி எவ்வளவு விரைவில் பொய்த்தது? பொய்த்தபோது மக்களின் கோபம் போய்ச்சேர ஓர் இடம் இருந்ததா?

உலைக்குள் நடப்பது

யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது வெளிவரும் வெப்பத்தில் நீர் ஆவியாகி, அந்த ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. மின்சாரம் வரும் வழி அவ்வளவுதான். சிக்கல் நிறுத்தும்போது தொடங்குகிறது. அணுப்பிளவை நிறுத்திய நொடியிலும் உலையின் முழுத்திறனில் 6, 7 சதவிகித வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லில் தங்கியிருக்கும் சூடு போன்றதல்ல இது. பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதையச் சிதையப் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் சூடு. அதனால் உலை நின்ற பிறகும் நாள்கணக்கில் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீரை ஓட்ட மின்சாரம் வேண்டும். ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றன. சுமார் 14 மீட்டர் உயர ஆழிப்பேரலை வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

அன்றைய சோவியத் உக்ரேனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் கதை வேறு. 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு, ஒரு சோதனையின்போது நான்காம் உலையின் திறன் கட்டுக்கு அடங்காமல் எகிறி வெடித்தது. அந்த வகை சோவியத் உலையில், அவசரமாக நிறுத்துவதற்காக உள்ளே இறக்கப்படும் கோல்களே சில நிலைகளில் முதல் சில நொடிகளுக்குத் திறனைக் கூட்டிவிடும். லித்துவேனியாவின் இக்னலினா நிலையத்தில் 1983-லேயே இந்தக் குறை தெரியவந்தது. செர்னோபிலில் அன்றிரவு பணியில் இருந்தவர்களுக்கு அது விளங்கும்படி சொல்லப்படவில்லை. விபத்துக்கு மூன்று ஆண்டு முன்பே ஒரு மௌனம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாம்ராஜ்யம் பேசாமல் இருந்த நாள்கள்

வெடித்த மறுநாள் பிற்பகல்தான் பக்கத்து ஊரான பிரிப்யாத்தின் மக்கள், ஏறத்தாழ 49,000 பேர், பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். உலகத்துக்குச் செய்தி சொன்னது மாஸ்கோ இல்லை. ஏப்ரல் 28-ஆம் தேதி காலை, சுமார் 1,100 கி.மீ. தொலைவில், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் தெரிந்து எச்சரிக்கை மணி அடித்தது. முதலில் தங்கள் உலையில்தான் கசிவு என்று பயந்தார்கள். பிறகு காற்று வந்த திசையைப் பார்த்தார்கள். சுவீடன் துருவித் துருவிக் கேட்ட பிறகு, அன்று இரவு ஒன்பது மணிச் செய்தியில் சோவியத் தொலைக்காட்சி சில வாக்கியங்கள் சொல்லி முடித்துக்கொண்டது. மே தின ஊர்வலம் கீவ் நகரில் வழக்கம்போல நடந்தது. காற்று அதற்குள் கீவ் பக்கம் திரும்பியிருந்தது. சோவியத் தலைவர் கொர்பச்சோவ் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியது மே 14 அன்று.

வெளிப்படைத்தன்மை என்று கொர்பச்சோவ் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தச் சொல்லை மக்கள் அவரிடமே திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். அன்றைய சோவியத் நாட்டில் தனிநாடு வேண்டும் என்று ஒருவர் சொன்னால் சிறை. எங்கள் ஊர் பாலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவரை அவ்வளவு எளிதில் சிறையில் தள்ள முடியாது. அதனால் சுற்றுச்சூழல் என்ற பெயரில் எல்லாக் கோபமும் வெளியே வந்தது. உக்ரேனில் மருத்துவரும் எழுத்தாளருமான யூரி ஷெர்பாக் ‘பசுமை உலகம்’ என்ற இயக்கத்தைக் கட்டினார். ஜிட்டோமிர் நகரப் பத்திரிகையாளர் அல்லா யரோஷின்ஸ்கா, இடம்பெயர்ந்தவர்களுக்கு மாசுபட்ட கிராமங்களிலேயே வீடு கட்டுவதைக் கண்டுபிடித்து எழுதினார். அதை வெளியிட அவர் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. 1989-ல்தான் மாசுபட்ட பகுதிகளின் வரைபடங்கள் செய்தித்தாளில் வந்தன. செர்னோபிலிலிருந்து வெகுதொலைவில், பெலாரஸில் வாழ்ந்தவர்கள் மூன்று ஆண்டு கழித்துத் தங்கள் ஊரை அந்தப் படத்தில் பார்த்தார்கள். அதே ஆண்டு நடந்த மக்கள் பிரதிநிதிகள் தேர்தலில் ஷெர்பாக், யரோஷின்ஸ்கா இருவருமே வென்றார்கள்.

லித்துவேனியாவில் 1988 செப்டம்பரில் ‘சயூதிஸ்’ விடுதலை இயக்கத்தினர் இக்னலினா நிலையத்தைச் சுற்றிக் கைகோத்து மனித வளையம் அமைத்தார்கள். 1991 டிசம்பர் 1 அன்று உக்ரேனில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள். அந்த மாத இறுதியில் சோவியத் ஒன்றியமே இல்லை.

சோவியத் நாடு சிதறியதற்கு உண்மையான காரணம் செர்னோபிலாக இருக்கலாம் என்று கொர்பச்சோவ் 2006-ல் எழுதினார். இதை நான் முழுசாக நம்புவதில்லை. எண்ணெய் விலை வீழ்ச்சி, ஆப்கான் போர், ரொட்டிக்கு வரிசை எல்லாம் இருந்தன. தன் சீர்திருத்தங்களைவிட ஓர் உலையின் மேல் பழியைப் போடுவது அவருக்கு வசதியும்கூட. ஆனால் மற்ற காரணங்களால் வளர்ந்த அதிருப்திக்குச் செர்னோபில் பேசும் உரிமையைக் கொடுத்தது. அந்த வகையில் அவர் சொன்னதில் பாதி சரி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி பிறகு நடந்ததுதான். புதிய உலை கட்டக்கூடாது என்று 1990-ல் தடை போட்ட உக்ரேன், சுதந்திரம் கிடைத்த பின் 1993-ல் தடையை நீக்கியது. பின்னாளில் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணுவிலிருந்தே வந்தது. செர்னோபில் நிலையத்தின் கடைசி உலைகூட 2000 டிசம்பர் வரை ஓடியது. லித்துவேனியர்களும், ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை போட்டதால்தான், 2009 கடைசியில் இக்னலினாவை மூடினார்கள். மனித வளையம் அமைத்தவர்கள் எதிர்த்தது அணுவை என்பதைவிட, தங்களைக் கேட்காமல் மாஸ்கோ முடிவெடுத்ததை. இந்த வேறுபாடு பிடிபட்டால் அணு அரசியலில் பாதி புரிந்துவிடும்.

விபத்து நடந்த நாட்டில் தோற்றது யார்?

ஜப்பானில் கதை எதிர்பார்த்தபடி போகவில்லை. உலையை அமைக்க ஒப்புக்கொண்ட ஊர்களுக்கு 1974 முதல் சட்டப்படி மானியம் கொட்டப்பட்டது. ஃபுகுஷிமா நிலையம் அமைந்த ஃபுத்தபா ஊரின் நுழைவாயிலில் ‘அணுசக்தி, ஒளிமயமான எதிர்காலத்தின் எரிசக்தி’ என்று வளைவே கட்டியிருந்தார்கள். உலைகளைக் கண்காணிக்கும் அமைப்பு, அணுசக்தியை வளர்க்கும் அதே அமைச்சின் கீழ் இருந்தது. அதிகாரிகள் ஓய்வுபெற்றதும் மின்நிறுவனங்களில் பதவி ஏற்பார்கள். ‘அணு கிராமம்’ என்று ஜப்பானியர்கள் கேலியாகச் சொல்லும் வட்டம் இதுதான். இதையெல்லாம் பத்தாண்டுக் கணக்கில் கட்டியெழுப்பியது லிபரல் ஜனநாயகக் கட்சி.

2011 மார்ச் 11-ல் பதவியில் இருந்ததோ எதிர்முகாமைச் சேர்ந்த பிரதமர் நவோதோ கான். மறுநாள் விடிகாலை ஹெலிகாப்டரில் நிலையத்துக்கே போய் இறங்கினார். அதனால் வேலை கெட்டது என்று பாதிப் பேர் திட்டினார்கள். கதிரியக்கம் எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்கும் ‘ஸ்பீடி’ அமைப்பின் முடிவுகள் அரசின் கையில் இருந்தும் மார்ச் 23 வரை பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. நமியே ஊர் மக்கள் காற்றுப்போன வடமேற்குத் திசையிலேயே போய்த் தங்கினார்கள். எரிபொருள் உருகியதை நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் ஒப்புக்கொண்டது மே மாதத்தில்தான். வீட்டைவிட்டுப் போனவர்கள் 1,50,000-க்கும் மேல்.

கான் ஆகஸ்ட் 26-ல் பதவி விலகலை அறிவித்தார். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான சட்டம் நிறைவேறினால்தான் போவேன் என்று அடம்பிடித்து, அன்றே அதை நிறைவேற்றிக்கொண்டார். 2012 கோடையில் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் பல்லாயிரம் பேர் கூடினார்கள். ஜப்பானில் அப்படிப்பட்ட கூட்டத்தை ஒரு தலைமுறையே பார்த்ததில்லை. அந்த டிசம்பரில் தேர்தல் வந்தது. வென்றது லிபரல் ஜனநாயகக் கட்சி! அணுவெதிர்ப்பு வாக்குகள் ஏழெட்டுக் கட்சிகளுக்குச் சிதறின. ஆண்டுகொண்டிருந்தவர்கள் மேல் மக்களுக்கு அலுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தேர்தல்களில் அதுவரை காணாத அளவுக்கு வாக்குப்பதிவும் குறைந்தது.

அப்படியானால் ஒன்றும் மாறவில்லையா? மாறியது, ஆனால் நாற்காலிக்குக் கீழே. பழைய கண்காணிப்பு அமைப்பைக் கலைத்து 2012 செப்டம்பரில் தனி ஆணையம் அமைத்தார்கள். நாடாளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு, இது இயற்கைப் பேரிடர் இல்லை, மனிதர்கள் உண்டாக்கியது என்று எழுதியது. 54 உலைகள் இருந்த நாட்டில் 2012 மே மாதம் ஒன்றுகூட ஓடவில்லை. மீண்டும் தொடங்க மாநில ஆளுநரின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் ஒட்சு மாவட்ட நீதிமன்றம், ஓடிக்கொண்டிருந்த தக்கஹாமா உலை ஒன்றையே நிறுத்தச் சொன்னது. முன்பெல்லாம் டோக்கியோவில் சில அறைகளில் முடிந்துபோன விஷயம், இப்போது ஊர் ஊராகக் கேட்டுப் பெற வேண்டியதாகிவிட்டது.

இனி ஜெர்மனிக்குத் திரும்பலாம். 1986 மழையில், தெற்கு ஜெர்மனியின் பவேரியா மண்ணில் செர்னோபிலிலிருந்து வந்த கதிரியக்கச் சீசியம் இறங்கியது. குழந்தைகளை மணலில் விளையாட விடலாமா, பால் கொடுக்கலாமா என்று ஒவ்வோர் அதிகாரியும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஐந்தாறு வாரத்துக்குள் சுற்றுச்சூழலுக்குத் தனி அமைச்சகம் தொடங்கப்பட்டது. பசுமைக் கட்சி 1983-லேயே நாடாளுமன்றத்துக்குள் வந்திருந்தது. அதாவது கோபம் போய் உட்கார ஓர் இடம் தயார். பிறகு 2010 இலையுதிர் காலத்தில், இயற்பியல் படித்தவரான அங்கெலா மெர்க்கெல் உலைகளின் ஆயுளைச் சராசரியாக 12 ஆண்டு நீட்டித்தார். பாடன்-வூர்ட்டம்பர்க் முதல்வர் ஷ்டெஃபான் மப்புஸ் ஒருபடி மேலே போய், அணுவுலைகள் வைத்திருந்த மின்நிறுவனத்தின் 45 சதவிகிதப் பங்கை மாநில அரசின் பெயரில் வாங்கினார். ஃபுகுஷிமா வந்தபோது வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் முன் நீட்டித்த அதே மெர்க்கெல் பழைய உலைகளை அவசரமாக நிறுத்தினார். தேர்தலுக்குப் பயந்து செய்கிறார் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 30-ல் நாடாளுமன்றம் 513 வாக்குகளுக்கு 79 என்று அணுவைக் கைவிட முடிவெடுத்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15-ல் நின்றன.

பக்கத்து நாடான பிரான்ஸ் அதே செர்னோபில் மேகத்தைப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 70 சதவிகித மின்சாரத்தை அணுவிலிருந்தே எடுத்துவந்தது. அங்கே வலதுசாரி, பெரும் இடதுசாரிக் கட்சிகள் இரண்டுமே உலைகளுக்கு ஆதரவு. எதிர்ப்பவர் யாருக்கு ஓட்டுப் போடுவது? அமெரிக்காவில் 1979-ல் திரீ மைல் ஐலண்ட் உலை பாதி உருகியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆட்சியும் அதனால் மாறவில்லை. புதிய உலைக்குப் பணம் போடத்தான் ஆளில்லாமல் போனது.

கூடங்குளமும் பத்தானும்

நமக்கு இன்னும் நெருக்கமான கதைகளும் உண்டு. பிலிப்பீன்ஸில் அதிபர் மார்க்கோஸ் கட்டிய பத்தான் அணுமின் நிலையம், 621 மெகாவாட், ஓடத் தயாராக இருந்தது. 1986 பிப்ரவரியில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். இரண்டு மாதத்தில் செர்னோபில். புதிய அதிபர் கொரசோன் அக்கினோ நிலையத்தை இயக்குவதில்லை என்று முடிவெடுத்தார். ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராத அந்த உலைக்கு மக்கள் 2007 வரை கடன் கட்டினார்கள். அங்கே அணுவுலையை மூடியது செர்னோபில் மட்டும் இல்லை. ஊழல் ஆட்சியின் சின்னம் என்பதும் சேர்ந்துகொண்டது.

கூடங்குளம் நம்மில் பலருக்கு ஊர்ப்பக்கம். திருநெல்வேலி, கன்னியாகுமரி உறவினர்களிடம் அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால் இன்றும் குரல் உயரும். ராஜீவ் காந்தி அதற்கு ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில், செர்னோபிலுக்கு இரண்டு ஆண்டு கழித்து, அதே கொர்பச்சோவோடு. உலை முடியும் தறுவாயில் ஃபுகுஷிமா வந்தது. தொலைக்காட்சியில் கடலும் உலையும் சேர்ந்து தெரிந்த காட்சி, 2004 ஆழிப்பேரலையைக் கண்ட இடிந்தகரை மீனவர்களுக்கு விளக்கம் தேவையில்லாத ஒன்று. 2011 செப்டம்பரில் பந்தலில் உண்ணாவிரதம். மக்கள் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்துங்கள் என்று ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18-ல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மார்ச் 19-ல் அதே அமைச்சரவை பணியைத் தொடங்க அனுமதி கொடுத்தது. போராடிய ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது.

இங்கே கோபம் ஏன் ஆட்சியை அசைக்கவில்லை? போராட்டம் சில கடற்கரை ஊர்களோடு நின்றது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் அந்த ஆண்டு மணிக்கணக்கில் மின்வெட்டு. இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூடங்குளம் வெளிச்சமாகத் தெரிந்தது. மின்வெட்டும் மின்கட்டணமும் அணு அரசியலில் எப்போதும் மறுபக்கத்தில் நின்று இழுக்கும். உக்ரேன் போரால் எரிவாயு விலை ஏறிய பின் ஜப்பான் அரசு மீண்டும் உலைகள் பக்கம் திரும்பியதற்கும் இதே காரணம்தான்.

இந்தத் தீவில்

ஃபுகுஷிமாவைச் சுற்றி 20 கி.மீ. ஆரத்துக்கு மக்களை வெளியேற்றினார்கள். அந்த வட்டத்தின் பரப்பு 1,250 சதுர கி.மீ.க்கு மேல். சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு சுமார் 735 சதுர கி.மீ. இதைச் சொன்னால் சிலர் உடனே பேச்சை முடித்துவிடுவார்கள். இப்போது பேசப்படும் சிறிய உலைகளுக்கு இவ்வளவு பெரிய வட்டம் தேவைப்படாது என்று அவற்றைத் தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். அது சரியா என்பதுதான் ஆராயப்பட வேண்டியது. அரசியல் கணக்கில் வேறொன்று முக்கியம். ஜப்பானியர்கள் வேறு மாநிலத்துக்குப் போனார்கள், பிரிப்யாத் மக்கள் வேறு நகரத்துக்கு. தெம்பனிஸ்வாசி எங்கே போவார்? இங்கே ‘உலை இருக்கும் ஊர்’, ‘தலைநகரம்’ என்று இரண்டு இல்லை. இடிந்தகரை போலச் சில ஊர்களோடு எதிர்ப்பு நிற்கவும் வழியில்லை.

1959 முதல் ஒரே கட்சி ஆளும் இந்நாட்டில், ‘சொன்னால் நடக்கும், நடத்திக் காட்டுவார்கள்’ என்ற பெயர்தான் ஆட்சியின் முதலீடு. 2011 டிசம்பரில் எம்ஆர்டி ரயில்கள் இரண்டு நாள் பழுதாகி நின்றதற்கே அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க வேண்டியிருந்தது. உலை விஷயத்தில் அந்தப் பெயர் இன்னும் நுணுக்கமாகச் சோதிக்கப்படும். ஜப்பான் செய்த அடிப்படைத் தவறு இங்கே இதுவரை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணு மின்சாரத்தை ஆராயும் எரிசக்திச் சந்தை ஆணையம் வர்த்தக, தொழில் அமைச்சின் கீழ் இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தேசிய சுற்றுப்புற வாரியம் வேறோர் அமைச்சின் கீழ். இந்த இடைவெளி பின்னாளில் அகலுமா, சுருங்குமா என்பதைக் கவனிக்கலாம்.

உலை நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்தோனேசியா தன் தீவுகளில் அணுமின் நிலையம் அமைக்கத் திட்டமிடுகிறது. 2013 ஜூன் 21-ல் சுமத்ராவின் காட்டுத்தீயால் இங்கே காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். முகக்கவசம் கிடைக்காமல் அலைந்தோம். அடுத்த ஆண்டே எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. புகையாவது கண்ணுக்குத் தெரிந்தது, மூக்கில் ஏறியது. கதிரியக்கத்தில் கருவி காட்டும் எண்ணை யாராவது சொன்னால்தான் உண்டு. பக்கத்து நாட்டு அரசை நம் ஓட்டால் தண்டிக்க முடியாது. ஆகவே கேள்வி முழுவதும் நம் அரசாங்கத்தின் பக்கம் வந்து நிற்கும். என்ன அளந்தீர்கள், எத்தனை மணிக்கு அளந்தீர்கள், எத்தனை மணிக்கு நான்கு மொழியிலும் எங்களிடம் சொன்னீர்கள்?